பைலட் சுடர் ஏன் நின்று எரிய மாட்டேன் என்கிறது?

"கீசர் அணைஞ்சு அணைஞ்சு போகுது" என்று புதுச்சேரியில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். சிலிண்டரில் கலப்படம் என்பார் ஒருவர். கடற்காற்று என்பார் இன்னொருவர். மூன்றாமவர், "சென்சார் போயிருக்கும், அந்த ஒயரைக் கட் பண்ணி ரெண்டையும் சேர்த்து முறுக்கிட்டா நிக்காம எரியும்" என்பார். முதல் இரண்டும் ஊகம். சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். மூன்றாவது யோசனை உயிருக்கே உலை வைப்பது. ரிப்பேர் வேலை பார்ப்பவர்களே அதைச் சர்வ சாதாரணமாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதனால்தான், பெரிய பர்னரைப் பற்றவைக்கக் காத்திருக்கும் பைலட் என்ற சின்னச் சுடர் எப்படி வேலை செய்கிறது என்பதை முதலிலிருந்து எழுதுகிறேன்.

நம் பக்கத்தில் கேஸில் தண்ணீர் காயவைக்கும் கருவிக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகே வந்து கொட்டித் தீர்த்ததும் நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாட்களில் கைக்குழந்தையோ வயதானவர்களோ இருக்கும் வீட்டில், கரண்ட் இல்லாமலே சுடுதண்ணீர் வருவது எவ்வளவு பெரிய உதவி! புதுச்சேரிக்கு இன்னொரு தொடர்பும் இருக்கிறது. பிரான்சில் குடியிருக்கும் சொந்தக்காரர்கள் இங்கே பல குடும்பங்களில் உண்டு. அங்கே குளிர்காலத்தில் பல வீடுகளில் வீட்டையும் தண்ணீரையும் சூடாக்குவது கேஸ் பாய்லர். "இங்க பாய்லர் பைலட் அணைஞ்சிடுச்சு, வீடே ஐஸ் மாதிரி இருக்கு" என்று போனில் அங்கிருந்து சொல்லும்போது, இங்கே இருப்பவர்களுக்கு அது என்னவென்றே புரிவதில்லை. குளியலறை கீசரானாலும் சரி, பாரிஸ் புறநகர் பாய்லரானாலும் சரி, அடிப்படை ஒன்றுதான்.

உங்கள் வீட்டில் இருப்பது எது?

கேஸ் கருவி எதில் சின்னதாகத் தீ தெரிந்தாலும் அதைப் பைலட் என்று சொல்லும் பழக்கம் இருக்கிறது. அங்கேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது.

பைலட் என்பது பெரிய பர்னருக்குப் பக்கத்தில் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் சின்னச் சுடர். பழைய பாய்லர்கள், பழைய மாடல் கீசர்கள், சில பேக்கரி அடுப்புகள் ஆகியவற்றில் இது உண்டு. குழாயைத் திறந்ததும் "டக் டக் டக்" என்று பொறி தட்டி எரிகிற, இரண்டு குண்டு பேட்டரி போட்ட கீசர் உங்களுடையது என்றால், பெரும்பாலும் அதில் பைலட்டே கிடையாது. அதன் கதை வேறு. பின்னால் தனியாக வருகிறேன். புது மாடல் கேஸ் அடுப்பில் திருகை அமுக்கிப் பற்றவைத்து, சில விநாடி அமுக்கியபடியே வைத்திருந்தால்தான் தீ நிற்கும். அங்கும் பைலட் இல்லை. ஆனால் பைலட்டுக்குக் காவலாக இருக்கும் அதே பாகம் அந்த அடுப்பின் பர்னர் ஓரத்திலும் நின்றுகொண்டிருக்கிறது. பால் பொங்கி அந்தக் குச்சியின் தலையில் காய்ந்து ஒட்டினால், கையை எடுத்ததும் அடுப்பு அணையும். சுத்தமாகத் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

விளக்கிலிருந்து விளக்கு

கார்த்திகை மாலையில் ஓர் அகலை முதலில் ஏற்றுகிறோம். திண்ணை, மாடப்பிறை, மாடிச் சுவர் என்று மற்ற அகல்களை எல்லாம் அதிலிருந்தே ஏற்றுகிறோம். கடலோர ஊர் என்பதால் காற்று சும்மா இருக்காது. அந்த முதல் அகலை மட்டும் காற்றுப் படாத மூலையில் வைத்துக் காப்பாற்றுவோம். வாசல் விளக்கு அணைந்தால் மறுபடி ஏற்ற அது வேண்டும். பைலட் செய்கிற வேலையும் இதுதான். பெரிய பர்னருக்கு கேஸ் திறந்ததும் அதைப் பற்றவைக்கத் தயாராக ஒரு சுடர் காத்திருக்கிறது.

ஆனால் அகல் அணைந்தால் எண்ணெய் அகலிலேயே கிடக்கும், ஒரு கெடுதலும் இல்லை. கேஸ் சுடர் அணைந்தால் கேஸ் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். நம் சிலிண்டரில் இருக்கும் எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. ஜன்னல் வழியாக மேலே போய்விடாமல் தரையோடு தரையாகப் படர்ந்து, மூலையிலும் சாக்கடைத் துளையிலும் தங்கும். ஓர் அறையின் காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுக்கு அது கலந்தாலே, ஒரு சுவிட்சின் பொறி போதும். பிரான்சில் குழாய் வழியே வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட லேசானது, அது மேலே ஏறும். எங்கே தேங்கினாலும் ஆபத்து ஆபத்துதான்.

ஆகவே சுடர் அணைந்தால் கேஸும் தானாக நின்றுவிட வேண்டும். ஆள் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கரண்ட்டையும் நம்ப முடியாது. இந்தக் கஷ்டமான கேள்விக்குக் கிடைத்த விடை மிக அழகானது: சுடரே தன் காவலுக்கு வேண்டிய மின்சாரத்தைத் தந்துகொள்கிறது.

வெப்பத்தில் பிறக்கும் துளி மின்சாரம்

இரண்டு வெவ்வேறு உலோகங்களின் நுனிகளை ஒன்றாக இணைத்து, அந்த இணைப்பைச் சூடாக்கி, மறுமுனைகளைக் குளிர்ச்சியாக வைத்தால், மிகச் சிறிய மின்னழுத்தம் பிறக்கும். தாமஸ் யோஹான் சீபெக் என்ற ஜெர்மன் அறிவியலாளர் 1821இல் கண்ட விளைவு இது. இந்தத் தத்துவத்தில் செய்த குச்சிக்குத் தெர்மோகப்புள் என்று பெயர். பென்சிலைவிட ஒல்லியாக, தலை பைலட் சுடருக்குள் நீட்டியபடி, அடியிலிருந்து ஒரு மெல்லிய செம்புக் குழாய் வால்போல் நீண்டு வால்வுக்குப் போவது அதுதான்.

அது தரும் மின்னழுத்தம் எவ்வளவு? சுமார் 20 முதல் 30 மில்லிவோல்ட். சுவர்க் கடிகாரத்தில் போடும் பேட்டரி 1,500 மில்லிவோல்ட். அதில் ஐம்பதில் ஒரு பங்கைத் தாண்டாத இந்தத் துளி மின்சாரம், வால்வுக்குள் இருக்கும் ஒரு குட்டி மின்காந்தத்துக்குப் போகிறது. அந்தக் காந்தம் பிடித்திருக்கும்வரை கேஸ் வழி திறந்திருக்கும். விட்டால் உள்ளே இருக்கும் சுருள்வில் வழியை மூடிவிடும்.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இவ்வளவு சிறிய மின்சாரத்துக்கு வால்வை இழுத்துத் திறக்கும் வலு கிடையாது. ஏற்கெனவே திறந்திருப்பதைப் பிடித்து வைத்துக்கொள்ள மட்டுமே முடியும். திறக்கும் வேலையை உங்கள் விரல் செய்கிறது. பைலட் ஏற்றும்போது பட்டனை அமுக்கிக்கொண்டே அரை நிமிடம் போல நிற்கச் சொல்வது இதற்காகத்தான். அந்த நேரத்தில் குச்சி சூடேறி, காந்தம் உங்கள் விரலிடமிருந்து வேலையை வாங்கிக்கொள்கிறது. ஐந்து எண்ணுவதற்குள் பட்டனை விட்டுவிட்டு "நிக்க மாட்டேங்குது" என்று சொல்பவர்கள் பலர். பழுது ஒன்றுமில்லை, பொறுமையாக இன்னும் சற்று அமுக்கினால் போதும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: சுடர் குச்சியைச் சூடாக்குகிறது, குச்சி காந்தத்துக்கு மின்சாரம் தருகிறது, காந்தம் கேஸ் வழியைத் திறந்தபடி பிடித்திருக்கிறது. சுடர் அணைந்தால் குச்சி ஆறும், காந்தம் விடும், கேஸ் நிற்கும். இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் கடைசியில் நம் கண்ணுக்குத் தெரிவது "பைலட் அணைஞ்சிடுச்சு" என்ற ஒரே காட்சி. ஊகங்கள் பெருகுவதற்குக் காரணமே இதுதான்.

எது முதலில் போனது?

எனவே கேட்க வேண்டிய கேள்வி: சுடர் அணைந்ததால் வால்வு மூடியதா, வால்வு மூடியதால் சுடர் அணைந்ததா?

இதைக் கண்டுபிடிக்க மீட்டர் வேண்டாம், காது போதும். காந்தம் வால்வை விடும்போது "டக்" என்று ஒரு சத்தம் வரும். அறையில் ஃபேன் சத்தம் இல்லாமல் இருந்தால் நன்றாகவே கேட்கும். சுடர் முதலில் அணைந்தால் குச்சி ஆறுவதற்கு அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம்வரை ஆகும். அதற்குப் பிறகுதான் "டக்" வரும். அப்படியில்லாமல் சுடர் எரிந்துகொண்டிருக்கும்போதே "டக்" கேட்டு, அந்த நொடியே சுடரும் போனால், கேஸை மூடியது வால்வு.

முதல் வகையில், அதாவது சுடர் முதலில் போனால், காரணம் சுடருக்கு வெளியே இருக்கிறது. காற்று ஊதி அணைத்திருக்கலாம். கேஸ் வரத்து குறைந்திருக்கலாம்: சிலிண்டர் தீரும் நிலை, பழைய ரெகுலேட்டர், மடங்கிப்போன ட்யூப். ஒரே சிலிண்டரிலிருந்து "T" வடிவ இணைப்புப் போட்டு அடுப்புக்கும் கீசருக்கும் கேஸ் இழுத்திருக்கும் வீடுகளில், கீசரின் பெரிய பர்னர் பற்றியதும் அழுத்தம் சரிந்து பைலட் சுருங்கும். குளிக்கும் கீசர் ஒன்று அடுப்பின் பெரிய பர்னரைப் போலப் பல மடங்கு கேஸ் குடிக்கும் என்பதை யோசித்தால் இதில் வியப்பில்லை. கேஸ் வெளிவரும் ஊசித் துளையில் தூசி, துரு, சிலந்தி நூல் என்று ஏதாவது அடைத்திருக்கலாம். மழைக்காலம் முழுக்கப் பயன்படுத்தாமல் விட்டு, மார்கழியில் திரும்ப ஏற்றும் கீசர்களில் இந்த அடைப்பை எதிர்பார்க்கலாம். அந்தத் துளையை ஊக்கு, கம்பி எதனாலும் குத்த வேண்டாம். துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் சுடரின் அளவு மாறி, புகை கக்கத் தொடங்கும். கழற்றி ஊதிச் சுத்தம் செய்வது மெக்கானிக்கின் வேலை.

இரண்டாம் வகையில், வால்வு முதலில் விட்டால், பெரும்பாலோர் "தெர்மோகப்புள் போச்சு" என்று முடிவுகட்டி மாற்றிவிடுகிறார்கள். விலை குறைந்த பாகம் என்பதால் மாற்றிப் பார்ப்பதில் தப்பில்லை என்று நினைக்கிறார்கள். ஆனால் குச்சி கெட்டிருப்பது பல காரணங்களில் ஒன்றுதான். குச்சி நல்லதாக இருந்தும் சுடர் அதன் தலையைத் தழுவாமல் விலகி எரியலாம். தலையின் மேல்பகுதி, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர், நீலச் சுடருக்குள் முழுகியிருக்க வேண்டும். வால்வோடு சேரும் மரை தளர்ந்திருக்கலாம். 20, 30 மில்லிவோல்ட் அளவில், அந்தச் சந்திப்பில் படிந்த மெல்லிய பச்சைக் களிம்புகூட மின்சாரத்தை நிறுத்திவிடும். நம் கடலோரத்தில் செம்பில் பச்சை ஏறுவதற்கு எவ்வளவு நாள் பிடிக்கும் என்பது முத்தியால்பேட்டையிலோ தேவனாம்பட்டினத்திலோ வீடு வைத்திருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இவை எல்லாம் சாதாரணப் பழுதுகள். இரண்டாம் வகையில் சாதாரணமில்லாத ஒரு காரணமும் ஒளிந்திருக்கிறது.

காற்று போதாத அறை

எரிவதற்கு ஆக்சிஜன் வேண்டும். நாம் சுவாசிக்கும் காற்றில் அது சுமார் 21 சதவீதம். மூடிய சின்னக் குளியலறையில் கீசர் எரிந்தால் அந்த அளவு மெல்ல இறங்கும். ஆக்சிஜன் குறைந்தால் கேஸ் முழுமையாக எரியாது. அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவை உண்டாக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. சிலிண்டர் கேஸில் கசிவு தெரிய வேண்டும் என்றே நாற்றத்தைச் சேர்த்திருக்கிறார்கள். எரிந்தபின் அந்த நாற்றமும் இருக்காது. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு இந்த வாயு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் ஒட்டிக்கொள்ளும். தலை கனக்கும், சுற்றும், குமட்டும், கால் துவளும். குளித்துக்கொண்டிருப்பவர் வெந்நீர்ச் சூட்டில் தலை சுற்றுகிறது என்று நினைப்பார். கதவைத் திறக்க எழும்போது முடியாமல் போகும். கேஸ் கீசர் இருந்த குளியலறையில் மயங்கிக் கிடந்து இறந்தவர்களைப் பற்றிய செய்தி ஒவ்வொரு குளிர்காலத்திலும் நாட்டில் எங்கிருந்தாவது வருகிறது. படிக்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது, ஏனென்றால் ஒரு திறந்த ஜன்னல் அவர்களைக் காப்பாற்றியிருக்கும்.

இதைத் தடுக்கச் சில கருவிகளில் பைலட்டையே உளவாளியாக அமைத்திருக்கிறார்கள். ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து சுமார் 18 சதவீதத்துக்கு இறங்கும்போது, அந்தச் சிறப்புப் பைலட்டின் சுடர் தன் இடத்தைவிட்டு எழும்பி, குச்சியைத் தொடாமல் விலகும். குச்சி ஆறும். "டக்." கேஸ் நிற்கும். மனிதனுக்குத் தெரியும் முன்பே அந்தச் சுடருக்குத் தெரிந்துவிடுகிறது.

வெளியே புகை போகக் குழாய் வைத்த பாய்லர்களில் இன்னொரு காவல் உண்டு. எரிந்த வாயு வெளியேறும் வழிக்குப் புகைக்குழாய் என்று பெயர். அது அடைத்துக்கொண்டாலோ, எதிர்க்காற்று உள்ளே தள்ளினாலோ, சூடான புகை அறைக்குள்ளேயே திரும்பும். அந்த இடத்தில் ஒரு வெப்ப சுவிட்ச் காத்திருக்கிறது. சூடு பட்டதும் அது தெர்மோகப்புளின் மின்சுற்றை அறுத்துவிடும். மறுபடியும் அதே "டக்", அதே அணைந்த பைலட்.

இப்போது அந்த மூன்றாமவரின் யோசனைக்கு வருவோம். வெட்டி, சேர்த்து முறுக்கச் சொல்கிற ஒயர் பெரும்பாலும் இந்த வெப்ப சுவிட்சின் ஒயர்தான். முறுக்கியதும் கீசர் நிற்காமல் எரியும், உண்மை. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், வேலை செய்தவருக்குக் கூலி. புகை மட்டும் முன்போலவே அறைக்குள் திரும்பிக்கொண்டிருக்கும், அதைச் சொல்ல ஆளில்லை. இப்படி ஒயரை முறுக்கிவிட்டுப் போன கீசர் உங்கள் வீட்டில் இருக்கிறது என்று தெரிந்தால், இன்றைக்கே சிலிண்டர் வால்வை மூடிவிடுங்கள்.

சாதாரணப் பழுதையும் இதையும் எப்படிப் பிரிப்பது? அணையும் நேரத்தையும் அறையின் நிலையையும் நினைவுபடுத்திப் பாருங்கள். ஏற்றியவுடன் அணைவது பெரும்பாலும் குச்சி, மரை, சுடரின் அளவு சம்பந்தப்பட்டது. முதல் ஆள் குளிக்கும்போது நன்றாக இருந்து, அடுத்தடுத்து ஆள் போகப்போக அணைகிறதா? ஜன்னலைத் திறந்து வைத்த நாட்களில் பிரச்சினை இல்லையா? மழைக்கு ஜன்னலைச் சாத்தியபின் தொடங்கியதா? எக்ஸாஸ்ட் ஃபேன் புதிதாக மாட்டியபின் தொடங்கியதா? (ஃபேன் அறையின் காற்றை வெளியே இழுக்கும்போது, உள்ளே வர வேறு வழியில்லாவிட்டால், புகைக்குழாய் வழியாகவே காற்று கீழே இறங்கும், புகையும் அதோடு வரும்.) இவற்றில் ஒன்றுக்கு "ஆமாம்" என்றால், பாகம் மாற்றுவதை விட்டுவிட்டுக் காற்று வழியைப் பாருங்கள். இதைச் சோதிக்கிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நிற்க வேண்டாம்.

சுருக்கமாக, வால்வு தானாக விட்டால் அது கெட்டுப்போனதாகவும் இருக்கலாம், சரியாக வேலை செய்ததாகவும் இருக்கலாம். இரண்டாவதை முற்றிலும் விலக்கிய பிறகே முதலாவதைச் சந்தேகப்பட வேண்டும்.

சுடரின் நிறம்

நல்ல பைலட் நீலமாக, நிலையாக, உள்ளே ஒரு கூம்பு தெளிவாகத் தெரிய எரியும். மஞ்சளாக, சோம்பலாக, நுனி ஆடியபடி எரிந்தால் காற்று சரியாகக் கலக்கவில்லை. மேலே தகட்டில் கரி படிகிறதா என்று பாருங்கள். படிந்தால் மோனாக்சைடுக்கும் வாய்ப்பு உண்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கடலோரத்தில் இருப்பவர்கள் இங்கே ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். நீலச் சுடருக்குள் ஆரஞ்சு நிறத்தில் திடீர் திடீரென்று மின்னி மறைந்தால், அது பெரும்பாலும் காற்றில் மிதந்து வரும் உப்பு. உப்பில் இருக்கும் சோடியம் தீயில் பட்டால் அந்த நிறத்தைத்தான் தரும்; அடுப்பில் உப்புத் தண்ணீர் தெறித்தால் வருகிற அதே நிறம். கரி படியாமல், கூம்பு நீலமாகவே இருந்து, ஆரஞ்சு மின்னல் மட்டும் வந்து போனால் பதற வேண்டாம். உப்பு சுடரைக் கெடுப்பதைவிடக் கருவியைக் கெடுப்பதுதான் அதிகம்: பர்னர் தகடு, திருகுகள், புகைக்குழாயின் மேல் மூடி எல்லாம் கடலிலிருந்து தள்ளியிருக்கும் வீடுகளைவிடக் கடலோர வீடுகளில் விரைவில் துருப்பிடிக்கும். துருச் செதில் உதிர்ந்து பைலட் துளையில் விழும். வெளியே நீட்டிய குழாயின் வாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா என்றும் எட்டிப் பார்ப்பது நல்லது.

இன்னொரு விஷயம். பிரான்சிலிருந்து நல்ல கம்பெனி கீசரோ அடுப்போ கொண்டுவந்து இங்கே மாட்டும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அங்கே இயற்கை எரிவாயுவுக்காகச் செய்த துளை பெரியது. அதில் நம் சிலிண்டர் கேஸை விட்டால் தீ நீளமாக, மஞ்சளாக, புகையோடு எரியும். எல்.பி.ஜி.க்கு உரிய துளைகளை மாற்றாமல் அதைப் பயன்படுத்தவே கூடாது.

பைலட்டே இல்லாத கீசர்

நம் ஊரில் இன்று விற்பது பெரும்பாலும் பேட்டரி கீசர். குழாயைத் திறந்ததும் தண்ணீரின் அழுத்தம் உள்ளே ஒரு ரப்பர் சவ்வைத் தள்ளுகிறது. சவ்வு ஒரு சுவிட்சை அமுக்குகிறது. பேட்டரியிலிருந்து பொறி தட்டுகிறது, கேஸ் வால்வு திறக்கிறது, பர்னர் நேரடியாகப் பற்றுகிறது. தீ பற்றியதா என்று தெரிந்துகொள்ள இங்கே வேறு தந்திரம்: தீக்குள் மின்னேற்றம் கொண்ட துகள்கள் இருப்பதால் தீ வழியாக மிகச் சிறிதளவு மின்சாரம் பாயும். தீக்குள் நீட்டிய ஓர் ஊசி அதை உணர்ந்தால் வால்வு திறந்திருக்கும். உணராவிட்டால் சில விநாடிகளில் மூடிக்கொள்ளும்.

ஆகவே பற்றி, சில விநாடியில் அணைந்தால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள். பிறகு அந்த ஊசியில் கரியோ துருவோ படிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பொறியே தட்டாவிட்டால் தண்ணீர்ப் பக்கம் பாருங்கள். மாடித் தொட்டியிலிருந்து ஒவ்வொரு மீட்டர் இறக்கத்துக்கும் சுமார் 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும். தரைத்தளக் குளியலறையில் பிரமாதமாக எரியும் கீசர், தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் மேல்மாடிக் குளியலறையில் எரியவே எரியாது. குளித்துக்கொண்டிருக்கும்போது யாராவது அடுக்களையில் குழாயைத் திறந்தால் அணைகிறதென்றால் அதுவும் அழுத்தம்தான். போர் தண்ணீரில் உப்பு கூடிய பகுதிகளில் கீசரின் வாயில் இருக்கும் சல்லடையும் ஷவரின் துளைகளும் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். அவற்றைக் கழற்றிக் கழுவினாலே பல "பழுதுகள்" தீர்ந்துவிடும். தொடர்ந்து 20 நிமிடம் எரிந்தால் தானே அணையும்படி செய்த மாடல்களும் உண்டு. அது குளிப்பவரின் பாதுகாப்புக்காக வைத்தது.

இந்த வகையிலும் பழைய விதி மாறாது: காற்று வழி இல்லாத அறைக்குள் வேண்டாம். முடிந்தால் கீசரையும் சிலிண்டரையும் குளியலறைக்கு வெளியே திறந்த இடத்தில் மாட்டி, சுடுதண்ணீரை மட்டும் குழாயில் உள்ளே கொண்டுவாருங்கள். மாடிப்படிக்குக் கீழே, பின்கட்டில், ஒரு கூரை மறைப்போடு. தானேயையும் ஃபெஞ்சலையும் பார்த்த ஊர்களில் அந்த மறைப்புக்குச் செலவழிப்பது வீண் அல்ல.

மீண்டும் ஏற்றுவதற்கு முன்

அணைந்த பைலட்டை உடனே ஏற்ற வேண்டாம். திருகை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, குறைந்தது ஐந்து நிமிடம் விடுங்கள். குனிந்து தரை மட்டத்தில் முகர்ந்து பாருங்கள், எல்.பி.ஜி. அங்கேதான் தங்கும். நாற்றம் இல்லையென்றால் மட்டும் பட்டனை அமுக்கி ஏற்றி, அரை நிமிடத்துக்குக் குறையாமல் பிடித்திருந்து, மெதுவாக விடுங்கள். இரண்டாம் முறையும் நிற்காவிட்டால் விட்டுவிடுங்கள். திரும்பத் திரும்ப முயன்றால் எரியாத கேஸ்தான் அறையில் சேரும்.

நாற்றம் இருந்தால் சுவிட்ச் எதையும் தொட வேண்டாம். எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் நல்லது என்று தோன்றும், அதன் பொறியே போதும். சிலிண்டரில் ரெகுலேட்டரை மூடி, எல்லோரையும் வெளியே அழைத்துக்கொண்டு போய், அங்கிருந்து 1906க்கு அழையுங்கள். சமையல் கேஸ் கசிவுக்கான அவசர எண் அது. எந்த கம்பெனி சிலிண்டர் என்றாலும் அதே எண்தான்.

சோப்பு நீர் தடவி ட்யூபிலும் இணைப்பிலும் குமிழி வருகிறதா பார்ப்பது, சல்லடை கழுவுவது, பேட்டரி மாற்றுவது, ஜன்னல் திறப்பது: இவை நம் வேலை. ரப்பர் ட்யூபை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதும் நம் பொறுப்பு. மற்றதை எல்லாம் கேஸ் வேலை தெரிந்தவரிடம் விடுங்கள். பிரான்சில் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை பாய்லரைப் பராமரிப்பது சட்டப்படியே கட்டாயம். அங்கிருந்து போன் வந்தால் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். அதோடு, வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்குத் தலைவலி இருக்கிறதா, வெளியே போனால் குறைகிறதா என்றும் கேளுங்கள். "ஆமாம்" என்றால், பாய்லரை அணைத்து, ஜன்னலைத் திறந்து, எல்லோரையும் வெளியே வரச் சொல்லி, உடனே அவசர உதவியை அழைக்கச் சொல்லுங்கள். பழுதைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு.

மெக்கானிக் வந்ததும் "அணைஞ்சு போகுது" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஏற்றி எவ்வளவு நேரத்தில் அணைகிறது, "டக்" சத்தம் சுடர் போகும்போதே வந்ததா, போய்ச் சற்று நேரம் கழித்து வந்ததா, அப்போது ஜன்னல் திறந்திருந்ததா, பெரிய பர்னர் எரிந்துகொண்டிருந்ததா, வெளியே காற்று வீசியதா என்று சொல்லுங்கள். அவர் குச்சியை மாற்றிவிட்டுக் கிளம்பும்முன், வெப்ப சுவிட்சின் ஒயர்கள் இரண்டும் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா என்று டார்ச் அடித்து நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.